எங்கட மாஸ்டருக்கு ஒரு விக்கிப்பீடியாப் பக்கம்

சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திருகோணமலைப் பட்டினத்திலிருந்தும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி, சம்பூர் ஊர்களிலிருந்தும் வந்து ரொறன்ரோவில் வாழும் சொந்தங்களே, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவன் என்று தெரிந்த பிறகு, கலியாண வீட்டிலும் சரி, செத்த வீட்டிலும் சரி, யாராவது ஓர் அண்ணையோ மாமாவோ தோளைத் தொட்டு ஒரு விஷயம் கேட்பார். “தம்பி, எங்கட மாஸ்டருக்கு ஒரு விக்கிப்பீடியா போட்டுவிடுமன். எத்தினை டொக்டர்மாரை உருவாக்கின மனிசன்.” போடலாம் மாமா. போட்டால் நிற்குமா என்பதுதான் சிக்கல். தலைவர் என்னை இருபது நிமிடம் பேசச் சொன்னார். அதை இந்தச் சிக்கலுக்கே செலவழிக்கப்போகிறேன்.

ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை வேண்டுமா என்று பார்க்கும்போது, அவர் நல்லவரா, கெட்டிக்காரரா, எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றினார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவரோடு சம்பந்தமில்லாதவர்கள், நம்பத்தகுந்த ஓர் இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இதுதான் கேள்வி. இதைக் குறிப்பிடத்தக்கமை என்று சொல்வோம். பத்தோடு பதினொன்றாகப் பெயர் வந்தால் காணாது. அவரே அச்சடித்த புத்தகம் செல்லாது. மகன் எழுதிய கட்டுரையும் செல்லாது. சான்று போதாது என்று நினைக்கிறவர் நீக்கல் வார்ப்புருவை ஒட்டுவார், பேச்சுப் பக்கத்தில் வாதம் நடக்கும். கொள்கை பற்றிய பொதுப் பேச்சுக்கு ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் இருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இன்றைக்கு ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. அந்த ஆலமரத்தடியில் நடக்காத சண்டையில்லை.

கேட்க இரக்கமற்ற விதியாகத் தெரியும். ஆனால் விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டாம். கையில் வைத்திருக்கும் விழா மலரைப் புரட்டுங்கள். சமூக சேவையாளர், கலை ஆர்வலர், வீடு விற்பனை முகவர் என்று ஒரே ஆளுக்கு முழுப்பக்கப் படத்தோடு மூன்று பட்டம். விளம்பரம் தந்த அன்பர்கள் கோபிக்கக்கூடாது. மலரில் அது இருக்கத்தான் வேண்டும், மண்டப வாடகை அதிலிருந்துதான் வருகிறது. கலைக்களஞ்சியத்தில் இருக்கக்கூடாது.

இந்த விதியை நம் மாவட்டத்து ஆட்களை வைத்தே பார்ப்போம்.

சிலருக்கு வாதமே எழாது. திருகோணமலைத் தொகுதியிலிருந்து 1977இல் நாடாளுமன்றம் போன இரா. சம்பந்தன், 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார், 2024 ஜூன் 30இல் காலமானார். நாடாளுமன்ற உறுப்பினர் என்றாலே கட்டுரைக்குத் தகுதி உண்டு என்று கொள்வது வழக்கம். ஐந்து வருடமும் வாயே திறக்காமல் பின்வாங்கில் இருந்துவிட்டு வந்தவருக்கும் அதே சலுகைதான் என்பது எனக்குப் பிடிக்காத சங்கதி. நாற்பது வருடம் படிப்பித்தவர் சான்று தேட, ஒரு தவணை எம்.பி. இலவசமாக உள்ளே போகிறார்.

உறவுக்கு இடமில்லை என்பதற்கும் நம் பட்டினத்திலேயே சாட்சி இருக்கிறது. பழைய ஆங்கிலேய மயானத்தில் சார்ல்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை இருக்கிறது. 1852இல் பர்மாவில் கொள்ளைநோயில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. உல்லாசப் பயணிகள் அந்தக் கல்லறையைத் தேடி வருவது அக்காவுக்காக. கட்டுரை கிடைப்பது அக்காவால் அல்ல, கிழக்கிந்தியக் கடற்படைத் தலைமையில் அவர் இருந்ததாலும் வரலாற்றாசிரியர்கள் அவரைப் பற்றி எழுதியதாலும். “இன்னாருடைய மருமகன்” என்று எனக்கு எழுதும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் ஆளுக்கு வருகிறேன். தி. த. சரவணமுத்துப்பிள்ளை. முதல் எழுத்து திருகோணமலை, இரண்டாவது தகப்பன் தம்பிமுத்துப்பிள்ளை. சென்னைக்குப் போய்ப் படித்து, மாநிலக் கல்லூரியின் கீழைத்தேய நூல்நிலையத்தில் வேலை பார்த்தார். 1892இல் ‘தத்தை விடு தூது’ எழுதினார். கிளியைத் தூது விடும் பழைய வடிவத்துக்குள் பெண் விடுதலையைப் பேசிய நூல் அது. 1895இல் ‘மோகனாங்கி’ வந்தது. மதுரை நாயக்க அரசன் சொக்கநாதனையும் தஞ்சை இளவரசி மோகனாங்கியையும் வைத்து எழுதிய கதை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இன்றைக்குச் சொல்கிறோம். கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுத இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அண்ணன் கனகசுந்தரம்பிள்ளையும் பெரிய அறிஞர், பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்.

இப்போது ஒரு கற்பனை செய்வோம். 1900ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா இருந்து, திருகோணமலைப் பெடியன் ஒருவன் சரவணமுத்துப்பிள்ளைக்குக் கட்டுரை தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நூல்நிலைய ஊழியர், ஒரு நாவல், ஒரு தூது நூல். முதல் வரலாற்று நாவல் என்று சொன்னது யார், சான்று எங்கே என்று கேட்டிருப்போம். ஒரு கிழமைக்குள் நீக்கியிருப்போம். நானே வாக்குப் போட்டிருப்பேன், அந்த நாளைய விதிப்படி அது சரியாகவும் இருந்திருக்கும். அவருக்கு இன்று அசைக்க முடியாத இடம் எப்படி வந்தது? பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 1967இல் சில்லையூர் செல்வராசன் ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சியைப் புத்தகமாக எழுதினார். 1978இல் நா. சுப்பிரமணியன் ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியத்தை ஆராய்ந்து எழுதினார். இப்படி எழுதியவர்கள் மோகனாங்கியைக் கணக்கில் எடுத்தார்கள். சரவணமுத்துப்பிள்ளை 1895இல் செய்த வேலையில் ஒரு எழுத்தும் கூடவில்லை, குறையவில்லை. கூடியது, மற்றவர்கள் எழுதிய பக்கங்கள்.

அவருக்கு நாலு வருடம் முன்பு, 1891இல், இன்னாசித்தம்பி என்ற இன்னொரு திருகோணமலைக்காரர் ‘ஊசோன் பாலந்தை கதை’யைத் தந்தார். ஐரோப்பாவில் உலவிய ஓர்சன், வலன்ரைன் என்ற இரட்டையர் கதை தமிழில். நாவல் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தப் புத்தகத்தைத் தொடுகிறார்கள். புத்தகத்துக்குக் கட்டுரை எழுதலாம், தாராளமாகச் சான்று இருக்கிறது. ஆனால் இன்னாசித்தம்பி என்ற மனிதனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாலு வரியில் நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்குத் தனிப்பக்கம் தொடங்காமல், புத்தகத்தின் பக்கத்திலேயே அவரையும் சேர்த்து எழுதுவதுதான் முறை. அதை அவமதிப்பாக எடுக்கத் தேவையில்லை.

விதி பிழைத்துப்போன கதையும் உண்டு. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் வாட்டர்லூ. அந்தப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் டொனா ஸ்ரிக்லன்ட் பற்றிய கட்டுரை வரைவை 2018இல் ஆங்கில விக்கிப்பீடியா ஏற்கவில்லை. சான்றுகள் அவர் சார்ந்த அமைப்புகளிடமிருந்தே வந்தவை, போதாது என்றார்கள். அதே ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கட்டுரை அன்றைக்கே வந்துவிட்டது. அவரோடு பரிசைப் பகிர்ந்த ஜெரார் மூருவுக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தது. திருப்பி அனுப்பிய பயனரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கென்னவோ அந்த ஆளில் பெரிய குற்றம் தெரியவில்லை. நோபல் பெறும் அளவுக்கு வேலை செய்த பெண்ணைப் பற்றி முப்பது வருடமாக ஒரு பத்திரிகையும் விரிவாக எழுதாமல் இருந்ததே, குற்றம் அங்கே.

நமக்கும் அதே வியாதி, கொஞ்சம் முற்றிய நிலையில். திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியை 1923இல் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதா என்று யோசித்த காலத்தில் ஒரு பெண் தொடங்கிய பள்ளிக்கூடம். இந்த மண்டபத்தில் அங்கே படித்த அக்காமார் எத்தனை பேர், கையை உயர்த்துங்கள் பார்ப்போம். இவ்வளவு பேர்! உங்களில் யாராவது அந்த அம்மாவைப் பற்றி ஐந்து பக்கம், ஆண்டுகளோடும் ஆதாரத்தோடும் எழுதி அச்சில் போட்டிருக்கிறீர்களா? நான் குறை சொல்லவில்லை. கேட்டு வைக்கிறேன்.

சான்று இல்லை என்பதற்கு நம்மிடம் வேறு காரணமும் உண்டு. சான்று இருந்தது, போய்விட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததை எல்லோரும் சொல்கிறோம். வீட்டு அலுமாரிகளை யாரும் எண்ணவில்லை. 83, 85, 90 என்று ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் கைவிட்டது கடதாசியைத்தான். பிள்ளையைத் தூக்குவதா, பழைய பேப்பர்க் கட்டைத் தூக்குவதா? மிச்சத்தை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது. மூதூர், சம்பூர்க்காரருக்கு 2006 வேறு. இப்படி ஓடியவர்களிடம் வந்து நம்பத்தகுந்த மூன்றாம் தரப்புச் சான்று கொண்டுவா என்று கேட்பது நியாயமில்லைத்தான். ஆனாலும் அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்ல நான் தயாரில்லை. தளர்த்தினால் முதலில் உள்ளே வருபவர் நம் மாஸ்டர் அல்ல, காசுள்ளவர்.

ஒரு பெயரை இந்த மேடையில் சொல்லாமல் போக மாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்தது என்று முதலில் கதை பரப்பப்பட்டது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலையில் அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நிகழ்வால் அறியப்பட்டவர்களுக்குத் தனித்தனிக் கட்டுரை எழுதுவதில்லை, நிகழ்வுக்கு எழுதி அதற்குள் அவர்கள் பெயரை வைப்பது வழக்கம். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். சுகிர்தராஜனுக்கு என்ன? எல்லைகளற்ற செய்தியாளர்கள் போன்ற அமைப்புகள் அவரைப் பற்றி எழுதியிருக்கின்றன, கட்டுரைக்கு அது போதும். அவர் படம் எடுக்காமல் இருந்திருந்தால் அந்த நிகழ்வுக் கட்டுரையில் எத்தனை வரிக்குக் கீழே ‘சான்று தேவை’ என்று எழுத வேண்டி வந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இனிக் கல்வெட்டு. கோணேசர் கல்வெட்டைச் சொல்லவில்லை, அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டைச் சொல்கிறேன். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பத்தாவது கிடக்கும். அட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் படம், கீழே தோற்றம், மறைவு. உள்ளே பிள்ளையார், பஞ்சபுராணம், திதி வெண்பா, பிறகு வாழ்க்கைக் குறிப்பு, மருமக்கள் பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். குறிப்பிடத்தக்கமைக்கு இது சான்றாகாது. வீட்டார் எழுதியது, அதிலே மனிதர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஆனால் எந்த ஆண்டு பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், எந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது, யாரிடம் படித்தார் என்ற விவரங்களுக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. ஆராய்ச்சி செய்கிறவனுக்கு முதல் நூல்முனை இங்கேதான் கிடைக்கும்.

இதற்கு இடமும் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களை வருடி ஏற்றுகிறார்கள். ஆளுமை என்ற தலைப்பில் ஈழத்து ஆட்களுக்குச் சிறு குறிப்புகளும் எழுதுகிறார்கள். அங்கே வாசல் அகலம். ஊர் அண்ணாவியாருக்கும் நாட்டு வைத்தியருக்கும் அங்கே ஒரு பக்கம் கிடைக்கும், நீக்கல் வார்ப்புரு துரத்தாது. எல்லாம் விக்கிப்பீடியாவில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்ற தீர்ப்பை முன்னொரு காலத்தில் ஒரு தனி மனிதன் சொன்னான். 1859இல் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தந்தார், 1886இல் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்தார், 1902இல் முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதான கோசம்’ தந்தார். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று அவரவர் திண்ணையில் முடிவானது. விடுபட்டவனுக்கு மேன்முறையீடு கிடையாது. இன்றைக்கு நீக்கிய கட்டுரையை நல்ல சான்றோடு நாளைக்கே திரும்பக் கொண்டுவரலாம். ஆலமரத்தடிச் சண்டையோடு எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் இருந்தாலும் அந்தத் திண்ணையைவிட இதுவே மேல்.

ஆகவே எனக்குத் தோளைத் தொட்டுச் சொன்ன மாமாமாரிடம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாஸ்டரைப் பற்றி, அவருக்குச் சொந்தமில்லாத யாராவது எழுதியிருக்கிறார்களா? வீரகேசரியிலோ தினகரனிலோ வந்திருந்தால் எந்த ஆண்டு, எந்த மாதம்? வரவில்லையென்றால், அவரிடம் படித்த, அவருக்கு உறவில்லாத ஒருவர் இப்போது எழுதத் தயாரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் விக்கிப்பீடியாவுக்கு இன்னும் காலம் வரவில்லை, கல்வெட்டை நூலகத்துக்கு அனுப்புங்கள்.

மலர்க் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு வாழ்த்துச் செய்திப் பக்கங்களைப் பாதியாகக் குறையுங்கள். அந்த இடத்தில், மாவட்டத்து ஆள் ஒருவரைப் பற்றி, அவருக்கு உறவில்லாத ஒருவரைக் கொண்டு, திகதிகளோடும் ஆதாரங்களோடும் ஒரு நீண்ட கட்டுரை எழுதுவியுங்கள். பிறகு அதைப் பத்திரிகைக்கும் ஆய்விதழுக்கும் அனுப்புங்கள். யாரில் தொடங்குவது என்று கேட்டால், தங்கம்மா சண்முகம்பிள்ளையில் தொடங்குங்கள். கையை உயர்த்திய அக்காமாரில் எழுதத் தயாரானவர்கள் உணவு இடைவேளையில் என்னிடம் பெயரைத் தாருங்கள்.