பல்லைக் காட்டும்போது வாயையும் காட்டுங்கள்

(ஆலங்குடாவில் தாய்மார் மத்தியில் நாம் பேசியது. தோட்டத்து வாசகருக்காக இங்கே தருகிறோம்.)



மலைநாட்டுக்காரருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 1990இல் வடக்கிலிருந்து வந்து இந்த மணலில் குடியேறிய உங்களுக்கும் லயத்தில் வாழும் எங்கள் சனத்துக்கும் வெற்றிலைத் தட்டம் பொதுதானே!

இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. "நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது.

இந்த நோய் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கடி ஆகிய இடங்களில் வெள்ளைப் படலம் அல்லது சிவப்புத் திட்டு. 2 கிழமைக்கு மேல் ஆறாத புண். உறைப்புப் பட்டால் எரிவு. வாய் திறக்க இறுக்கம். நோவு இராது. அதனால்தான் சும்மா இருந்துவிடுகிறோம். எல்லாப் படலமும் புற்றுநோய் ஆகாது, ஆனால் அதைச் சொல்ல டொக்டர் வேணும்.

பேராதனைப் பல் வைத்தியத்துறையினர் 34 சுகாதார ஊழியருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே வருடத்தில் 28,295 கிராமத்தவரின் வாயைப் பார்க்க வைத்தார்கள். அறிக்கை 1984இல் வந்தது. 100க்கு 4 பேரை மேற்கொண்டு காட்டச் சொன்னார்கள். போனவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான்! ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கணக்கு நமக்குத் தெரியாததா?

கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கி இப்படியே வீடு வீடாகப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் எழுதினார்கள்.

பல் டொக்டர்மாரிடமும் ஒரு வார்த்தை. வரிசை நீளம், நேரம் இல்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் நோகிற பல்லை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். அவர் மறந்தால் நீங்களே கேளுங்கள்: "டொக்டர், கன்னம், நாக்கடி எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்க." கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்.

இங்குள்ளவர்கள் கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ போகலாம். தோட்டத்தில் முதலில் டிஸ்பென்சரியில் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பகுதிக்குத் துண்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சின்னச் சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்று பயந்து ஓடிவந்தவர்கள் உண்டு. அப்படிப் பரவாது. அந்தத் துண்டைப் பார்த்துத்தான் வைத்தியமே தொடங்கும்.