குளிர்ச்சி வேண்டும், கூடவே நல்ல காற்றும் வேண்டும்

(குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இந்தக் கோடையில் குழுக்களுக்குப் போகும் இடமெல்லாம் ஏர்கூலருக்கு, ஏ.சி.க்கு என்று உள்கடன் கேட்கிறார்கள். தப்பே இல்லை. தகர ஷீட் வீட்டுக்குள் மதியம் உட்கார முடியுமா? ஆனால் கடன் வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்போம். அந்த மிஷின் காற்றை எங்கேயிருந்து எடுக்குது?

ஏன் கேட்கிறோம் என்றால், நம் புதுச்சேரியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 2024 ஜூன் 11-ஆம் தேதி, ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் வந்தது. 72 வயது அம்மா ஒருவர் மயங்கி விழுந்தார். காப்பாற்றப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் 15 வயது மாணவியும் விழுந்தாள். மூன்று பேரும் இறந்துபோனார்கள். மூன்று பேருமே நம்மைப் போன்ற பெண்கள்.

சாக்கடைக் கழிவு காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகும். "நாற்றம் போயிடுச்சு" என்று நினைப்போம். அதுதான் ஆபத்து. இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோரம் தங்கும்.

இனி மிஷின்களைப் பார்ப்போம்.

மின்விசிறி: உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், அவ்வளவுதான்.

ஏர்கூலர்: ஜன்னலோரம் வைத்தால் வெளிக்காற்றை ஈரப் புல் வழியாக இழுக்கும். பக்கத்தில் குப்பை எரிந்தால் அந்தப் புகையும் உள்ளே வரும், புல் அதைத் தடுக்காது. நம்முடையது கடலோர ஊர். காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் கூலர் சுமாராகத்தான் குளிர்விக்கும். தண்ணீரை மாற்றாவிட்டால் கொசுவும் முட்டை போடும்.

ஸ்பிளிட் ஏ.சி.: அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். வெளியே புகை என்றால் கதவைச் சாத்திப் போடலாம். ஆனால் பூட்டிய அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். புகை அடங்கியதும் ஜன்னலைத் திறக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன்: காற்றை வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது வந்தே தீரும். வெளியே புகை என்றால் சந்து வழியாகப் புகை வரும். கழிவறைக் குழாயில் தண்ணீர் வற்றியிருந்தால் சாக்கடைக் காற்று வரும். கொத்தனார் பி-டிராப் என்று சொல்கிற வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நமக்குக் காவல். புழங்காத கழிவறையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

"அப்போ கதவைத் திறக்கணுமா, சாத்தணுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. வெளியே புகை என்றால் சாத்துங்கள். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பத்து நாளுக்கு மேல் எரிந்தபோது, மக்களை வீட்டுக்குள்ளேயே இருக்கத்தான் சொன்னார்கள். ஆனால் சாக்கடை வாடை வீட்டுக்குள்ளேயே வந்தால் கதவைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். யாராவது கழிவறையில் மயங்கி விழுந்தால் தனியாக உள்ளே ஓடாதீர்கள். பெற்ற தாயாக இருந்தாலும் சரி. 112-க்கோ 108-க்கோ போன் செய்யுங்கள். சொல்வதற்கே மனசு கஷ்டமாகத்தான் இருக்கு. ஆனால் காப்பாற்றப் போனவரையும் நாம் இழந்திருக்கிறோமே.

கடன் இல்லாத வழியும் உண்டு. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று போடலாம், அடுப்புப் பொறி படாத இடமாகப் பார்த்து. வெயில் படும் ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டலாம்.

கடைசியாக ஒன்று. வீட்டைச் சாத்திக்கொள்வது நம் வேலை, சாக்கடையைச் சரியாக வைப்பது அரசின் வேலை. உங்கள் தெருவில் வாடை வந்தால் தீர்மான நோட்டில் தேதியோடு எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பொதுப்பணித்துறையிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.