கடலடி எரிபனி



பரளச்சி, திருச்சுழி வறள்நிலத்தார்க்குக் கரிமூட்டம் புதிதன்று. சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கொளுத்துவர். உள்ளே கனல் இருக்கும். அதனைக் காப்பது மேல் மண்ணே. ஆறுமுன் அம்மண்ணைப் பிரித்தால் கரியெல்லாம் சாம்பலாகும். கடலடியிலும் அத்தகையதொரு மூட்டம் உண்டு. அதுவே எரிபனி.

மட்கிய உயிர்ப்பொருளினின்று பிறக்கும் மீத்தேன் வளி, ஆழ்கடலின் குளிராலும் அழுத்தத்தாலும் நீர்மூலக்கூறுகள் கட்டிய கூட்டுக்குள் சிறைப்பட்டு உறைகின்றது. பார்வைக்குப் பனிக்கட்டி, தீயிட்டால் எரியும். ஒரு கன மீட்டர் எரிபனி குலைந்தால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வளி வெளிப்படும். 2006-இல் ‘ஜாய்டெஸ் ரெசல்யூசன்’ என்னும் ஆய்வுக்கலம் இந்தியக் கடற்பரப்பில் 21 இடங்களில் ஆய்ந்தது. கிருட்டிணை-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தே எரிபனி பொதிந்த படிவு 128 மீட்டர் தடிப்புக்குக் காணப்பட்டது. 2015-இல் ‘சிக்யூ’ என்னும் சப்பானியக் கலம் அப்படுகையின் மணற்படிவுகளிலும் அதனைக் கண்டது.

புதையல் உண்டு, எடுக்கும் திறமோ முதிரவில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் வளி பிரியும்; அப்பனியாற் பிணைப்புண்டு நின்ற மணலும் உடன் தளரும். 2013-இல் சப்பான் செய்த கடலாய்வு, மணல் புகுந்தமையால் ஆறே நாளில் நின்றது. 2017-இல் சீனம் தென்சீனக் கடலில் 60 நாள் எடுத்துக் காட்டியது. ஆயினும் வணிக அளவில் எந்நாடும் இன்னும் எடுக்கவில்லை.

இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வளியினும் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பமூட்டவல்லது. ஆழ்கடலில் இயல்பாகக் கசிவதில் பெரும்பகுதியை நீரும் நுண்ணுயிர்களும் தடுத்துவிடும். கிணற்றிலும் குழாயிலும் நேரும் கசிவுக்கு அக்காவல் இல்லை. அது வான்வெளியை அடைந்தால், கேடு கடற்கரையோடு நிற்குமா? வானத்தை நம்பிக் கண்மாய் காத்திருக்கும் உழவன் தலையிலும் வந்து விழும்.

ஆகவே எரிபனி ஆய்வு வேண்டா என்பதன்று. மக்கள் அறியாமல் அது நடத்தல் ஆகாது என்பதே கருத்து. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவந்தது. எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனை வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. தன் நிலத்துக்கும் கடலுக்கும் நேர்வதைத் தன் மொழியில் அறிய இயலாதவன் எங்ஙனம் மறுமொழி கூறுவான்?

அடியில் உள்ளது எவ்வளவு? எடுத்தால் நேர்வது என்ன? கசிவை அளப்பவர் யார்? கேட்டுக்குப் பொறுப்பாளர் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் தமிழில் விடை வாராமுன், தமிழகக் கடலில் எரிபனிக்கென ஒரு துளையும் இடப்படலாகாது.