இகரத்தை விழுங்கிய காற்புள்ளி



சங்ககிரி, இடைப்பாடி, இளம்பிள்ளை முதலிய ஊர்ப்பெயர்களும் அவற்றின் மக்கட்டொகையும் அடங்கிய பட்டியலொன்று, பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பெற்றுக் கிடப்பதாகக் கொள்வோம். அதனைக் கணினித் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். ஊர்ப்பெயர் ஒரு புலம். தொகை இன்னொரு புலம். புலத்துக்குப் புலம் வரப்புப்போல் நிற்பது பிரிகுறி. அது காற்புள்ளியே என்று கணினிக்குச் சொல்லி ஏற்றினால் இடைப்பாடி 'டைப்பாடி' ஆகும். இளம்பிள்ளை 'ளம்பிள்ளை' ஆகும். அவற்றின் முன்னே ஒரு வெற்றுப் புலம் நிற்கும். பின்னுள்ளவை ஒரு கட்டம் தள்ளிப்போம். மிஞ்சியதைச் சில மென்பொருள்கள் எச்சரிக்கை மட்டும் காட்டிக் கைவிட்டுவிடும்.

இகரம் எங்கே போயிற்று? ஆங்கிலக் குறிகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு பாமினி. காற்புள்ளியின் இருக்கையில் அங்கே இருப்பது இகரம். கண்ணுக்கு அது உயிரெழுத்து. கணினிக்கோ 44 என்னும் எண்ணுடைய காற்புள்ளி. வரப்பென்று எண்ணி வெட்டிவிட்டது.

'அரைப்புள்ளியை வைத்துக்கொள்வோமே' என்பாரும் உளர். அது இதனினும் கொடிது! அரைப்புள்ளியின் இருக்கையில் இருப்பது மெய்யெழுத்தின் புள்ளி. 'தமிழ்' என்னும் பெயரே புள்ளியிழந்து 'தமிழ' என்று அறுபடும். இவ்வூர் 'சங' என்றும் 'ககிரி' என்றும் இரு துண்டாகும். (ஈற்றிலுள்ள 'கிரி' வடசொல் என்பது வேறு வழக்கு, அதனைக் கணினியும் தொடவில்லை.) ஓலையில் புள்ளியிடாது எழுதியமையால் பதிப்பாசிரியர் பட்ட பாடு நாடறிந்தது. சேலம் கல்லூரியில் தமிழ் பயிற்றிய பாவாணர் வழியில் வேர்ச்சொற்பட்டி தொகுப்போர்க்கு ஒரு புள்ளி போனால் ஒரு வேரே போயிற்று.

செய்யத்தக்கது யாது? முதற்கண் பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றுக. 1991 முதல் தமிழுக்கு அங்கே தனி இருக்கைகள் உண்டு. காற்புள்ளியோடு இகரம் மோதாது. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. மாற்றிய பின்னரே ஏற்றுக. ஏற்றிய பின் மாற்றுவது பயனற்றது.

அப்போதும் காற்புள்ளி முழுதும் நம்பத்தக்கதன்று. 1,25,000 என்னும் தொகை மூன்று புலங்களாகச் சிதறும். அத்தகையவற்றை இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைக்கவேண்டும். 2005இல் எழுதப்பெற்ற பொதுநெறியும் அதுவே. அன்றேல் தட்டச்சின் தாவற்குறியைப் பிரிகுறியாகக் குறிப்பிடுக. மை எசு கியூ எல் என்னும் தரவுத்தள மென்பொருள், ஒன்றும் சொல்லாதவிடத்துத் தாவற்குறியையே கொள்கிறது. ஆயினும் அதனிடம் விட்டுவிடாமல் பிரிகுறி இன்னதென்று வெளிப்படக் கூறுவதே நன்று.

இகரத்தில் தொடங்கும் பத்துப் பெயர்களை முதலில் ஏற்றிப் பார்க்கலாம். இடைப்பாடி இடைப்பாடியாகவே வந்தால் எஞ்சியவற்றை ஏற்றலாம்.