சிறு துளையும் எஞ்சினின் மூச்சும்



மட்டக்களப்பு நகரை அடுத்து, வாவியின் ஓரமாக அமைந்த ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத்துத் தீர்த்தக் குளத்தில் நீராடுவதற்குக் கிழக்கிலங்கையின் பல பாகங்களிலுமிருந்து மக்கள் அங்கே திரளுவர். அவ்வூருக்கு அப்பால் உள்ளது பாலமீன்மடு. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது. முகத்துவாரத்துக்கு வெளியே நிற்பவன் ஓயாது எழுந்து விழும் அலைகளைக் காண்பான். அதே வேளையில் அமிர்தகழியின் வாவிக்கரையில் நிற்பவன் தோணியைக்கூட அசைக்காத தண்ணீரைக் காண்பான். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ள நீரே. அங்ஙனமாயின் கடலின் கொந்தளிப்பு எங்கே போயிற்று?

குறுகிய வாய் அதனைத் தடுத்துவிட்டது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைச் சிறிதளவேனும் உயர்த்த வேண்டுமாயின் மிகுந்த நீர் உள்ளே புகுதல் வேண்டும். அலையொன்று எழுந்து தாழும் சில விநாடிகளில் அவ்வளவு நீர் அந்த வாயினூடே நுழைய இயலாது. நுழையத் தொடங்குமுன் அலை தாழ்ந்துவிடுகிறது. ஆயினும் நாட்கணக்கில் மெல்ல நிகழும் மாற்றத்துக்கு அந்த வாய் தடையன்று. விரைந்து வருவதை மறித்து, மெல்ல வருவதை உள்ளே விடுவது அதன் இயல்பு.

இந்த இயல்பை மனத்தில் இருத்திக்கொண்டு ஒரு மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்போம். அது நாம் அன்றாடம் காணும் வண்டியன்று. முசலம் மேலும் கீழும் ஓடும் எஞ்சினுக்குப் பதிலாக, முக்கோண வடிவான சுழலியொன்று ஓர் அறைக்குள் சுழலும் எஞ்சின் அதில் பூட்டப்பட்டிருக்கிறது. ஜெர்மனியரான பெலிக்ஸ் வாங்கல் வகுத்த கருத்தின்படி, என்.எஸ்.யு. தொழிலகத்தில் 1957ஆம் ஆண்டு அத்தகைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. பத்தாண்டுகளின் பின், 1967இல், ஹிரோஷிமாவில் இயங்கிய தோயோ கோக்யோ நிறுவனம் இரட்டைச் சுழலி பூட்டிய மஸ்டா கொஸ்மோ என்னும் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அணுகுண்டு வீழ்ந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்த நகரத்திலிருந்து அந்த வண்டி வெளிவந்தது என்பதும் நினைக்கத்தக்கது. பின்னர் 1978இல் ஆர்.எக்ஸ். 7 என்ற புகழ்பெற்ற வண்டி பிறந்தது. அதன் மூன்றாம் தலைமுறை 1991 முதல் 2002 வரை உற்பத்தியாயிற்று.

இவ்வெஞ்சினில் காற்றை உள்ளே விடுவதற்குத் தனியான வால்வுகள் இல்லை. அறையின் சுவரில் துவாரங்கள் உள்ளன. சுழலும் சுழலியே அவற்றைத் திறந்தும் மூடியும் செல்கிறது. இரண்டு சுழலிகள் உள்ள எஞ்சினில் தண்டு ஒருமுறை சுற்றும்போது இரண்டு முறை காற்று உறிஞ்சப்படும். நிமிடத்துக்கு 900 சுற்று என்ற மெல்லோட்டத்தில் விநாடிக்கு 30 உறிஞ்சல்கள்; 6,000 சுற்றில் 200. ஆகவே காற்று வரும் குழலின் உள்ளே அமுக்கம் ஒரே நிலையில் நிற்பதில்லை. கடலலைபோல் எழுந்து விழுகிறது. வேகத்தை விரும்புவோர் அத்துவாரங்களை அராவி அகலப்படுத்துவதுண்டு. அப்போது வெளியேற வேண்டிய புகையின் ஒரு பகுதி காற்றுவழிக்கே திரும்பி மோத, துடிப்பு இன்னும் கடுமையாகும்.

மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ். 7 வண்டியில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. அதற்கு ஆதாரம் காற்றுக்குழலின் அமுக்கம். அதனை அறிவிப்பது அமுக்க உணரி. குழலிலிருந்து ஒரு மெல்லிய றப்பர் குழாய் அந்த உணரிக்குச் செல்கிறது. கணினியோ இடைவிடாது பார்த்திருப்பதில்லை; கணத்துக்குக் கணம் எட்டிப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்கிறது. அலையின் முகட்டில் எட்டிப் பார்த்தால் காற்று மிகுதியென்று எண்ணும். பள்ளத்தில் பார்த்தால் குறைவென்று எண்ணும். எண்ணம் மாறுந்தோறும் பெற்றோலின் அளவும் மாறும், எஞ்சின் தடுமாறும்.

இத்தடுமாற்றத்தைத் தணிக்கவே அந்தக் குழாயினுள் ஒரு சிறு அடைப்பானை வைக்கின்றனர். மாத்திரை அளவான உலோகத்துண்டு; நடுவே ஊசித்துளை. குழாயின் உள்விட்டம் 4 மில்லிமீற்றர் என்றும் துளை 1 மில்லிமீற்றர் என்றும் கொண்டால், காற்றுக்குரிய வழி பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. துளைக்கு அப்பால் எஞ்சியுள்ள குழாயும் உணரியின் உட்குழிவும் வாவியாகின்றன; துளை முகத்துவாரமாகின்றது. சிலர் இடையில் ஒரு சிறு குப்பியையும் இணைத்து வாவியைப் பெரிதாக்குவர்.

இது மோட்டார்த் தொழிலாளர் புதிதாகக் கண்ட உபாயமன்று. துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் கருவிக்கு நெடுங்காலமாகவே ஒரு குழாய்க் கிணறு அமைத்து வந்தனர். அதன் அடியில் சிறு துளை, உள்ளே மிதவை. வெளியே அலை புரண்டாலும் மிதவை அமைதியாக நின்று வற்றுப்பெருக்கை மட்டும் காட்டும். ஆயின் இந்த அமைதிக்கு ஒரு விலையுண்டு. 1983ஆம் ஆண்டு ஜப்பானின் மேற்குக் கரையைச் சுனாமி தாக்கிய பின், ஆய்வாளர் அக்கிணறுகளைச் சோதித்தனர். துளை மிகச் சிறிதாய் இருந்த இடங்களில் கருவி சுனாமியின் உயரத்தைக் குறைத்தே பதிந்திருந்தது. கிணற்றுக்குள் நீர் ஏறி முடியுமுன் வெளியே பேரலை வந்து போய்விட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைக் கண்ட பாலமீன்மடுவிலும் நாவலடியிலும், எத்தனை நிமிடங்களில் அது நிகழ்ந்தது என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சுழலி எஞ்சினிலும் இதே ஆபத்து காத்திருக்கிறது. ஓட்டுநர் வேகமிதியைச் சடுதியாக அழுத்துகிறார். காற்றுக்குழலின் அமுக்கம் ஒரு நொடியின் சிறு பின்னத்தில் உயர்ந்துவிடுகிறது. துளை மிகச் சிறிதாயின் உணரி இன்னும் பழைய அமுக்கத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். காற்று நிறைய, பெற்றோல் குறைய என்ற நிலை தோன்றும். சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டிகள் பதிக்கப்பட்டுள்ளன. மேற்சொன்ன வண்டியில் அவற்றின் தடிப்பு 2 மில்லிமீற்றரே. பெற்றோல் குறைந்த கலவை முறையற்று வெடிக்கும்போது விழும் அடியை அப்பட்டிகள் தாங்கமாட்டா. ஒன்று உடைந்தால் அதன் துண்டுகள் அறைச்சுவரைக் கீறி, புகையோடு வெளியேறிக் காற்றழுத்தியின் சக்கரத்தையும் சிதைக்கக்கூடும். முழு எஞ்சினையும் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே கைதேர்ந்தவர் பெரிய துளையிலிருந்து தொடங்குவார். மெல்லோட்டத்தில் அளவின் நடுக்கத்தைக் கவனிப்பார். அடுத்து வேகமிதியை மிதித்து, அளவு உடனே எழுகிறதா என்று பார்ப்பார். நடுக்கம் கணினிக்குப் பொறுக்கக்கூடிய அளவுக்குத் தணிந்ததும் நின்றுவிடுவார். ஊசிமுனை அசையாமல் நிற்க வேண்டும் என்று மேலும் சிறிய துளையைத் தேடமாட்டார். அசையாத ஊசியைக் கண்டு மகிழ்பவர் பெரும்பாலும் புதியவரே.

இன்னொரு சங்கதியும் உண்டு. எண்ணெய்ப் புகையும் ஈரமும் சேர்ந்து நாளடைவில் அத்துளையைத் தூர்த்துவிடும். வெப்பத்தால் இறுகிய பழைய குழாயை மாற்றும்போது, அதனுள்ளே அடைப்பான் இருப்பதை அறியாது இரண்டையும் சேர்த்து எறிந்துவிடுவதும் நடக்கிறது. ஆர்.எக்ஸ். 7 வண்டியில் காற்றழுத்தியை ஆளும் குழாய்களிலும் இத்தகைய மாத்திரைகள் உண்டு. அங்கே மாத்திரை தொலைந்தால் எஞ்சின் வலுவிழக்கும்.

தூர்ந்த வாய் என்ன செய்யும் என்பதைப் படுவான்கரை விவசாயிகள் நன்கறிவர். கோடையில் கடல் மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி பெய்ததும் வாவி நிரம்பும். வெளியேற வழியின்றி நீர் வயல்களில் ஏறும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்ற குரல் எழும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரரும் மீனவரும் எப்போதும் ஒருமனப்படுவதில்லை. வெட்டத் தொடங்கும்போது சிறு வாய்க்கால்தான். நீரின் விசையே சில மணி நேரத்தில் அதனை அகலமாக்கிக்கொள்ளும். எஞ்சினின் துளைக்கு அந்த வசதி இல்லை. குழாயைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெல்லிய கம்பியால் துடைத்துத்தான் திறக்க வேண்டும். அதுவும் துளை பெருத்துவிடாதபடி.