கேட்டவருக்கு மட்டும்



இன்று பல வானொலி நிலையங்களில் மைக்கில் பேசும் குரல் ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் போகிறது. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று ஒலியைப் பரிமாற 2013இல் ஏஇஎஸ்67 என்ற தரம் வந்தது. அதன் வழக்கமான அமைப்பில் ஒரு ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.8 மெகாபிட் ஆகும். இது சொற்பம்தான். ஆனால் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச்சின் எல்லாப் போர்ட்டிலும் நாற்பது ஒலிகள் கொட்டினால், 100 மெகாபிட் போர்ட் மூச்சுத் திணறிவிடும்.

இந்த ஒலிகள் மல்டிகாஸ்ட் முறையில் செல்கின்றன. ஒருமுறை அனுப்பினால் போதும். வேண்டியவர்கள் எல்லாரும் பெற்றுக்கொள்ளலாம். இதற்கான அடிப்படை விதிகளை ஸ்டீவ் டீரிங் 1989இல் ஆர்எஃப்சி 1112 ஆவணத்தில் வகுத்தார். சிக்கல் ஸ்விட்ச்சில்தான். அனுப்புநர் முகவரியைப் பார்த்து, எது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் கற்றுக்கொள்ளும். மல்டிகாஸ்ட் முகவரியோ ஒருபோதும் அனுப்புநராக வராது. எனவே கற்க வழியில்லாமல் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும்.

இதற்கு மருந்து ஐஜிஎம்பி ஸ்னூப்பிங். ‘இந்த ஒலி எனக்கு வேண்டும்’ என்று கருவிகள் ரௌட்டருக்குச் சொல்லும். அது தனக்கான பேச்சு இல்லை என்றாலும் ஸ்விட்ச் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். பந்தியில் ‘மோர் யாருக்கு?’ என்று ஒருவர் குரல் கொடுக்க, கை காட்டிய இலைக்கு மட்டும் ஊற்றுவதைப் போலத்தான்.

ஆனால் குரல் கொடுக்க ஒருவர் வேண்டுமே! அவர்தான் குவெரியர். வழக்கமாக 125 நொடிக்கு ஒருமுறை கேட்பார். பதில் வராத குறிப்பை 260 நொடியில் ஸ்விட்ச் அழித்துவிடும். பொதுவாக இந்த வேலையைச் செய்யும் ரௌட்டர் இல்லாத ஸ்டூடியோ வலையில் கேட்க ஆளில்லை. முதலில் எல்லாம் சரியாக ஒலிக்கும். பரிசோதித்தவர் திருப்தியாகக் கிளம்புவார். நாலரை நிமிடம் ஆவதற்குள் பல ஸ்விட்ச்சுகளில் ஒலி நின்றுவிடும். ஆகவே, சோதனையென்றால் பத்து நிமிடமாவது காத்திருந்து கேட்பதுதான் சோதனை.

ரௌட்டர் இல்லாத இடத்தில் ஸ்விட்ச்சே குவெரியராகலாம்; ஆனால் எது என்பதைத் தற்செயலுக்கு விடக்கூடாது. பலர் போட்டியிட்டால் சிறிய ஐபி எண் உள்ளவரே வெல்வார். எங்கோ மூலையில் கிடக்கும் சின்ன ஸ்விட்ச் வென்றுவிட்டால், பொதுவாக ஒலி முழுதும் அதன் பக்கம் திரும்பி, அங்கே போகும் இணைப்பு அடைபடும். நடுநாயகமான, வேகமான ஸ்விட்ச்சுக்கே அந்தப் பொறுப்பைத் தர வேண்டும்.

முகவரித் தேர்விலும் கண் வேண்டும். 32 மல்டிகாஸ்ட் ஐபி முகவரிகளுக்கு ஒரே ஈதர்நெட் முகவரிதான் அமைகிறது. 239.0.0.1 என்று போட்டால், அது 224.0.0.1 என்ற பொது அழைப்பு முகவரியோடு ஒன்றாகிவிடும். அப்போது சில ஸ்விட்ச்சுகள் அதை எல்லாருக்கும் அனுப்பும்; ஸ்னூப்பிங் இருந்தும் பயனில்லை.

விலையுயர்ந்த ஸ்விட்ச் வாங்கினால் இந்தக் கலை கைவந்துவிடாது. யார் கேட்கிறார், எங்கிருந்து கேட்கிறார், எந்த எண்ணுக்காகக் கேட்கிறார் என்ற மூன்றையும் கேபிள் இழுக்குமுன் தாளில் எழுதி வைப்பவரே இதில் தேர்ந்தவர்.