உவமை உரைக்கும் காதல்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் திரைப்படப் பாடலைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் கருதக்கூடும். தகும் என்பதே நம் துணிபு. தமிழகத்தை விட்டு வடபுலத்தில் குடியமர்ந்த நம் இல்லங்களில், பிள்ளைகளின் செவியில் நாள்தோறும் விழும் தமிழ்க் கவிதை பெரும்பாலும் திரைப்பாடலே அன்றோ?

காதல் கண்ணுக்குப் புலனாகாதது. 'அன்புடையேன்' என்று நூறு முறை கூறினும் அதன் ஆழம் விளங்காது. ஆகவே, கண்ட பொருளைக் கொண்டு காணாத உள்ளத்தைக் காட்டுகிறான் கவிஞன். இதன் சிறப்பை உணர்ந்தே தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் உவமைக்கென ஓர் இயலையே வகுத்துள்ளது.

1961-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய 'காலங்களில் அவள் வசந்தம்' என்னும் பாடலை நாம் அறிவோம். காதலியின் கண்ணையும் கூந்தலையும் அங்கே கவிஞர் வருணிக்கவில்லை. பருவம், மாதம், மலர், காற்று என ஒவ்வொன்றிலும் தலைசிறந்தது எதுவோ, அதுவே அவள் என்கிறார். பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், மாதங்களுள் மார்கழியும் பருவங்களுள் வசந்தமும் தானே என்று கண்ணன் கூறும் முறையும் இதுவே. இறைவன் பெருமையைச் சொல்லிய முறையால் காதலியைச் சொல்லும்போது, காதல் வழிபாடாக உயர்ந்துவிடுகிறது.

இம்மரபு நெடியது. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டில், பிரிவை அஞ்சிய தலைவியைத் தேற்றும் தலைவன், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைக் காட்டுகிறான். நிலத்தின் செம்மை நீரில் ஏறியபின் அதனைப் பிரித்தெடுப்பார் யார்? ஆயிரம் சூளுரை தாராத ஆறுதலை அம்மழை தந்துவிடுகிறது. புலவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் எனப்பெற்றார். அந்த நீரையே 1997-இல் 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாடலில் வைரமுத்து மீண்டும் பெருகச் செய்தார்.

எனினும், உவமை என்பது கேட்போர் முன்னரே அறிந்த பொருளை நம்பி நிற்பது. கோடையில் 'லூ' என்னும் அனற்காற்றையே அறிந்த நம் குழந்தைக்கு, காதலியைத் தென்றல் என்றால் என்ன விளங்கும்? வண்டல் மண்ணையே கண்டு வளர்ந்தவனுக்குச் செம்புலத்து நீரின் நிறம் எங்ஙனம் தோன்றும்? இசை அவன் செவியை எட்டும். காதல் அவன் நெஞ்சை எட்டாது. சொல் தெரிந்தும் பொருள் தெரியாத தமிழாக நம் தமிழ் மெலிந்துபோகும்.

ஆதலின், பிள்ளைகள் பாட்டுக் கேட்கும்போது கடிந்து நிறுத்த வேண்டா, உடன் அமர்வோம். தென்றல் எத்திசையிலிருந்து வருவது, மார்கழி விடியல் எத்தகையது, முல்லை எப்போது மலர்வது என்று எடுத்துச் சொல்வோம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, மழை பெய்த செம்மண் நிலத்தருகே சற்றே நிறுத்திக் காட்டுவோம். பின்னர்ப் பாட்டே அவர்களுக்கு ஆசிரியர் ஆகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!